குளத்துக் களையைத் தின்னும் புல் கெண்டை

ஆரணி என்றவுடன் பலருக்கும் பட்டுச் சேலையே நினைவுக்கு வரும். ஆயினும் தறி ஓசை கேட்கும் தெருக்களைக் கடந்து சிறிது தூரம் நடப்போர் காண்பது நெல் வயல்களும், அவ்வயல்களுக்கு நீர் கொடுக்கும் ஏரி, தாங்கல், குளம், குட்டைகளுமேயாம். ஊரை ஒட்டிச் செல்லும் கமண்டல நாகநதியில் வருஷத்தில் பல மாதங்கள் மணலே தெரியும். ஆகவே, மழைக்காலத்தில் தேக்கிய நீரைக் கொண்டும், அந்நீரால் ஊறும் கிணறுகளைக் கொண்டுமே இப்பகுதிக் குடியானவர்கள் பயிர் செய்து வருகின்றனர். இத்தகைய இடத்தில் ஒரு குளம் களையால் மூடப்படுவது சிறிய விஷயமன்று.

களையை நீக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆட்களை விட்டு வாரி எறிவது ஒன்று. களைக்கொல்லி மருந்து தெளிப்பது மற்றொன்று. களையைத் தின்னும் மீனை விடுவது மூன்றாவது. மூன்றாவது வழியைப் பற்றி அநேகர் கேட்டறிந்திருக்கின்றனர். சிலர் ஆவலோடு மீன்குஞ்சு வாங்கி விட்டு, ஆறு மாதத்திற்குப் பின்னும் களை முன்போலவே இருக்கக் கண்டு ஏமாற்றமடைகின்றனர். பிழை மீனிடத்தில் இல்லை. எந்தக் களைக்கு எந்த மீன், எவ்வளவு பெரிய மீன், எத்தனை மீன் என்னும் கணக்குப் பாராமல் விட்டதே பிழையாகும். அக்கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களையால் விளையும் கேடுகள்

நீர்க்களை மதகையும் கால்வாயையும் அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கின்றது. மடிந்த களை அடியில் அழுகிச் சேறாகிக் குளத்தை ஆண்டுதோறும் மேடாக்குகின்றது. வலை வீச இடமில்லாமற் போவதால் மீன்பிடி வருமானமும் குறைகின்றது. பகற்பொழுதில் நீருக்குள் பிராணவாயுவைக் கொடுக்கும் பாசி, இரவில் அதே வாயுவை உட்கொள்ளுகின்றது. ஆகையால் களை மண்டிய குளத்தில் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திணறுவதைக் காணலாம்.

இவையன்றி, உடல்நலத்திற்கும் கேடு உண்டு. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் மான்சோனியா என்னும் கொசுவின் புழுக்கள், ஆகாயத் தாமரை முதலிய மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, அவ்வேரினுள் உள்ள காற்றைச் சுவாசித்து வாழ்கின்றன. செடி இல்லையேல் அக்கொசுவிற்கு வாழ்வில்லை.

களைகளை இனங்கண்டறிதல்

குளத்துக் களை அனைத்தையும் பாசி என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். ஆனால் மீன் விட நினைப்போர் அவற்றை நான்காகப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது, நீருக்குள் மூழ்கி வளர்பவை. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா ஆகிய வேலம்பாசி வகைகளும், நாஜஸ், செரட்டோபில்லம் முதலியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, நீரின்மேல் மிதப்பவை. மூக்குத்தியளவு இலையையுடைய லெம்னா, அசோலா, ஆகாயத் தாமரை, வெங்காயத் தாமரை ஆகியன இதில் அடங்கும். வெங்காயத் தாமரையையே ஆகாயத் தாமரை என்று அழைப்போரும் உளர். இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதா நிறப் பூப் பூப்பது வெங்காயத் தாமரை. இலைகள் ரோஜா இதழ்போல் அடுக்காக விரிந்து, கண்ணுக்குத் தெரியும்படியான பூவின்றிக் கிடப்பது ஆகாயத் தாமரை.

மூன்றாவது, அடிமண்ணில் வேரூன்றி இலையை மட்டும் மேலே விரிப்பவை. அல்லியும் தாமரையும் இவ்வினம்.

நான்காவது, கரையோரத்தில் நிமிர்ந்து வளர்பவை. சம்பு, கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றை உதாரணமாகக் கூறலாம்.

இந்நான்கினுள் மீனால் நன்கு அடங்குவது முதலாவது இனமும், இரண்டாவது இனத்தில் சிறியனவுமே. மற்றவற்றிற்கு அரிவாளும் மண்வெட்டியுமே மருந்து.

பட்டு நாட்டிலிருந்து வந்த மீன்

களை தின்னும் மீனைத் தேடும் முயற்சி நம் மாகாணத்திற்குப் புதிதன்று. 1907-ம் வருஷத்தில் ஸர் பிரடரிக் நிக்கல்ஸன் அவர்களின் தலைமையில் தொடங்கிய சென்னை மீன் இலாகாவினர், 1916-ம் வருஷத்தில் ஜாவாத் தீவிலிருந்து கௌராமி என்னும் மீனைத் தருவித்துச் சுங்கேசுலா மீன்பண்ணையில் வளர்த்தனர். அது இலை தழைகளைத் தின்னும், காற்றையும் சுவாசிக்கவல்லது, உண்பதற்கும் சுவையானது. ஆனால் மெதுவாக வளர்வது. ஆதலின் களை மண்டிய குளத்தை விரைவில் துப்புரவாக்க அது போதியதாக இல்லை.

அவ்வேலைக்கு ஏற்றதாக அறியப்பட்டது புல் கெண்டை. இதன் தாயகம் கிழக்காசியாவின் பெருநதிகளாகும். சீன தேசத்துக் குடியானவர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகக் குளத்தில் வளர்த்து வருகின்றனர். அங்கே முத்து நதியின் முகத்துவாரத்தில் ஒரு விசேஷ முறை வழக்கத்தில் இருந்தது. தாழ்ந்த நிலத்தைத் தோண்டிக் குளமாக்கி, தோண்டிய மண்ணால் கரையை உயர்த்தி, கரையின்மேல் முசுக்கொட்டைச் செடிகளை நட்டனர். முசுக்கொட்டை இலை பட்டுப்புழுவிற்கு உணவாயிற்று. புழுவின் எச்சமும் கூட்டிலிருந்து நீக்கிய கூட்டுப்புழுவும் குளத்து மீனுக்கு உணவாயின. மீனின் கழிவால் வளமேறிய குளத்துச் சேறு மீண்டும் முசுக்கொட்டைக்கு எருவாயிற்று. பட்டு நூலும் மீனும் ஒரே கரையில் விளைந்தன. பட்டால் பெயர்பெற்ற ஆரணிக்கு இச்செய்தி சுவையாக இருக்குமென்று நம்புகிறோம்.

அந்நதியின் முகத்துவாரத்தை அடுத்துள்ள ஹாங்காங்கிலிருந்தே 1959-ம் வருஷத்தில் புல் கெண்டைக் குஞ்சுகள் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, கட்டாக் நகரத்திலிருந்த உள்நாட்டு மீன் ஆராய்ச்சி உபநிலையத்தில் வளர்க்கப்பட்டன. இம்மீன் குளத்தில் தானே முட்டையிடுவதில்லை. இதன் முட்டைகள் ஓடும் நதியில் நீரோடு மிதந்து சென்றே பொரிய வேண்டும். தேங்கிய நீரில் அடியில் அமிழ்ந்து கெட்டுவிடும். இத்தடையை நீக்க வழி ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1957-ம் வருஷம் ஜூலை மாதம் 10-ம் தேதியன்று ஹிராலால் சௌதுரி, அலிக்குஞ்ஞி ஆகியோர் நம் நாட்டுக் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்திருந்தனர். அம்முறையாலேயே 1962-ம் வருஷத்தில் புல் கெண்டையும் இங்கே இனவிருத்தி செய்யப்பட்டது. இன்று நாடெங்கும் விற்கப்படும் புல் கெண்டைக் குஞ்சுகள் யாவும் இவ்வாறு பண்ணைகளில் பொரிக்கப்படுவனவே.

மீனின் இயல்பு

புல் கெண்டை நீண்டு உருண்ட உடலும், பெரிய செதில்களும், மீசையற்ற வாயும் உடையது. வாயில் பல் இல்லை. தொண்டையில் சீப்புப்போன்ற பற்கள் உள. இலையைக் கௌவி இழுத்து, அப்பற்களால் அறுத்து நசுக்கி விழுங்குகின்றது. தழை தின்னும் பிராணிகளுக்குக் குடல் நீளமாக இருப்பதே இயற்கை. இம்மீனின் குடலோ அவ்வளவு நீளமில்லை. ஆகவே தின்றதில் ஏறத்தாழப் பாதியே செரிக்கின்றது. எஞ்சியது கழிவாக வெளிவருகின்றது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. பசி தீராத மீன் நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்கும். வெளிவந்த கழிவு நீருக்கு எருவாகி, மற்ற மீன்களுக்கு உணவை உண்டாக்கும்.

பொரித்த குஞ்சு முதலில் நீரிலுள்ள நுண்ணுயிர்களையே தின்னும். மூன்று சென்டிமீட்டர் நீளம் எய்தியபின் சிறுகச் சிறுகத் தழைக்கு மாறும். அப்போது லெம்னா, அசோலா போன்ற மெல்லியவற்றையே கடிக்க இயலும். பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த மீனே வேலம்பாசியைத் தாராளமாகத் தின்னும். நமது சீதோஷ்ண நிலையில் நன்கு வளர்ந்த மீன் நாளொன்றுக்குத் தன் எடையில் பாதி முதல் முழு எடை வரையில் பசுந்தழை தின்னக்கூடும். நீர் குளிர்ந்தால் தீனி குறையும். பாசியில் பெரும்பகுதி நீரேயாதலால், ஒரு கிலோ மீன் எடை கூடுவதற்கு நாற்பது ஐம்பது கிலோ வேலம்பாசி வேண்டியிருக்கும்.

தின்பதும் தின்னாததும்

மாட்டிற்குப் புல்லில் விருப்பு வெறுப்பு இருப்பதுபோல் இம்மீனுக்கும் உண்டு. ஹைட்ரில்லா, நாஜஸ், லெம்னா, அசோலா ஆகியவற்றை மிகவும் விரும்பித் தின்னும். செரட்டோபில்லம், வாலிஸ்னேரியா முதலியவற்றையும் தின்னும். ஆகாயத் தாமரை, வெங்காயத் தாமரை ஆகியவற்றின் இளங்கன்றையும் வேரையும் கடிக்குமேயன்றி, முற்றிய செடியைப் பெரும்பாலும் தொடாது. அல்லி, தாமரை, சம்பு, கோரை ஆகியவற்றின் முற்றிய பாகங்களால் அதற்குப் பயனில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கை இம்மீன் நீக்கும் என எதிர்பார்ப்பது வீண்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விரும்பும் களையும் விரும்பாத களையும் ஒரே குளத்தில் இருந்தால், மீன் முதலில் விரும்புவதைத் தின்று தீர்க்கும். காலியான இடத்தில் விரும்பாத களை பரவும். மீனை விட்டபின் வெங்காயத் தாமரை அதிகமாயிற்று என்று கூறுவோரின் குறைக்கு இதுவே காரணம். ஆதலால் மீன் தின்னாத களையை முன்னதாகவே கையால் அகற்றிவிட வேண்டும்.

எத்தனை மீன் வேண்டும்?

இதுவே முக்கியமான பகுதி. கணக்கு எளியது, எவரும் செய்யலாம்.

மூங்கிலால் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சட்டம் ஒன்று செய்துகொள்க. அதைக் களை உள்ள நான்கைந்து இடங்களில் நீரின்மேல் வைத்து, சட்டத்திற்குட்பட்ட களை முழுவதையும் அடியோடு பிடுங்கி, நீரை வடித்து எடை போடுக. சராசரி எடையைக் களை பரவியுள்ள சதுர மீட்டரால் பெருக்கினால் குளத்திலுள்ள மொத்தக் களை தெரியவரும்.

உதாரணமாக, ஓர் ஏக்கர் குளத்தில் பாதியிடத்தை வேலம்பாசி மூடியிருப்பதாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர், பாதி 2,000. சதுர மீட்டருக்கு மூன்று கிலோ களை இருந்தால் மொத்தம் 6,000 கிலோ. அக்குளத்தில் அரைக் கிலோ எடையுள்ள 120 புல் கெண்டைகளை விட்டால் மீனின் மொத்த எடை 60 கிலோ. அவை நாளொன்றுக்கு 30 முதல் 60 கிலோ வரையில் தின்னும். 6,000 கிலோவைத் தீர்க்க 100 முதல் 200 நாட்கள் பிடிக்கும். களையும் இதற்கிடையில் வளர்ந்துகொண்டே இருக்குமாதலால் உண்மையில் இன்னும் அதிக நாட்கள் ஆகும். அதற்குள் நம் பக்கத்துக் குளங்களில் நீரே வற்றிப்போகலாம்.

அதே குளத்தில் முதலில் ஆட்களை விட்டு 4,000 கிலோவை வாரி எடுத்துவிட்டால் எஞ்சுவது 2,000 கிலோ. அதே 120 மீன்கள் அதை ஒரு மாதத்திற்குச் சற்று மேல் முதல் இரண்டு மாதத்திற்குச் சற்று மேல் வரையில் தீர்க்கக்கூடும். பிறகு முளைக்கும் துளிரையும் அவ்வப்போது மேய்ந்துவிடும். கூலி ஒருமுறை கொடுத்ததோடு முடிந்தது.

இனி, அரைக் கிலோ மீனுக்குப் பதிலாகப் பத்துக் கிராம் எடையுள்ள குஞ்சுகள் 120 விட்டால் என்ன நேரும்? மொத்த எடை 1,200 கிராமே. நாளொன்றுக்கு ஒரு கிலோ களைகூடச் சரியாகக் குறையாது. குளத்தில் விரால், வாளை, கெளுத்தி இருந்தால் குஞ்சுகளே அவற்றிற்கு இரையாகும். எஞ்சியவற்றை நீர்க்காகம் கொள்ளும். மீனை விட்டும் களை குறையவில்லை என்பதன் மர்மம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே சுருங்கக் கூறின், களையை அழிப்பது ஆளின் வேலை. மீண்டும் வளராமல் காப்பது மீனின் வேலை.

மீன் விடும் முறை

1. குஞ்சுகளை முதலில் ஒரு சிறு குட்டையில் தனியே வளர்க்க வேண்டும். அதில் அசோலாவும் லெம்னாவும் பெருக்கி உணவாகக் கொடுக்கலாம். பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைப் பெரிய குளத்தில் விடலாகாது.

2. கோடையில் குளம் வற்றும் சமயத்தில் கரையோரக் களைகளை வேரோடு வெட்டி அகற்றுக. வேலம்பாசியின் சிறு கிழங்குகள் சேற்றில் புதைந்து கிடந்து, மழை பெய்து நீர் நிரம்பியதும் மீண்டும் முளைக்கும். ஆதலால் மேற்சேற்றை வெட்டி வயலுக்கு எருவாக எடுத்துச் செல்வது இருவகையில் லாபம்.

3. வாரிய களையைக் கரையிலேயே குவிப்பது கூடாது. மழையில் அது மீண்டும் குளத்தில் விழும். ஒரு துண்டுத் தண்டே புதிய செடியாகிவிடும். தொலைவில் குழி வெட்டி, சாணமும் மண்ணும் கலந்து மக்க வைத்தால் நல்ல எரு கிடைக்கும்.

4. விரால், வாளை முதலிய மீன் தின்னும் மீன்களை வலையிட்டுப் பிடித்து அகற்றுக.

5. நீர் வரும் வாயிலிலும் போகும் வாயிலிலும் மீன் புகமுடியாத நெருக்கமான கம்பி வலையை உறுதியாகப் பொருத்துக. குப்பை சேர்ந்து வலை அடைபட்டால் நீர் கரையை மீறும். ஆகையால் மழைக்காலத்தில் தினந்தோறும் அதைத் துப்புரவு செய்வது அவசியம்.

6. மீனைக் காலையிலோ மாலையிலோ கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பையைப் பதினைந்து இருபது நிமிஷம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் கலந்து, பின்னரே மீனை மெல்ல வெளியே விட வேண்டும்.

7. சாயத் தொட்டியின் கழிவு நீரோ, பட்டு வெளுக்கும் சோப்பும் சோடாவும் கலந்த நீரோ வந்து சேரும் குட்டையில் மீன் விடுவது கூடாது. களைக்கொல்லி தெளித்த குளத்திலும் அவ்வாறே. மருந்தால் ஒரே சமயத்தில் மடிந்த களை அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் யாவும் மாண்டுபோகும்.

களை தீர்ந்த பின்

களை தீர்ந்ததும் கவலை தீர்ந்தது என்று இருத்தல் ஆகாது. களை உண்டிருந்த சத்து முழுவதும் இப்போது நீரில் கலந்திருக்கும். அதனால் நீர் பச்சை நிறமாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகும். இதை வீணாக்காமல் பயன்படுத்தவே கட்லா, ரோகு, மிரிகால், வெள்ளிக் கெண்டை ஆகியவற்றைப் புல் கெண்டையுடன் சேர்த்து வளர்க்கின்றனர். வெள்ளிக் கெண்டை நுண்பாசியை வடிகட்டித் தின்னும்; மிரிகால் அடியில் விழுந்த கழிவைத் தின்னும். இவ்வாறு கலந்து வளர்க்கும் குளங்களில் நூறு மீனுக்கு ஐந்து முதல் இருபது வரையில் புல் கெண்டை இருப்பது வழக்கம். களை மிகுந்த குளத்தில் அதிகமாகவும், குறைந்த குளத்தில் குறைவாகவும் விடுவர்.

களை முழுவதும் தீர்ந்தபின் புல் கெண்டை பட்டினி கிடக்கும். கரையோரப் புல்லைத் தின்று மண் அரிக்கச் செய்யும். அப்போது நேப்பியர்ப் புல், கீரைத்தண்டு, இளம் வாழையிலை முதலியவற்றை நறுக்கி, மிதக்கும் மூங்கில் சட்டத்திற்குள் தினந்தோறும் இட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுவதே நன்று. வயதான மீன் தன் எடைக்கு ஏற்ப அவ்வளவு தின்பதில்லை. வருஷந்தோறும் பெரியவற்றை எடுத்து, இளையவற்றை விடுவதே சிறந்த முறை. தீனி குறையாத குளத்தில் புல் கெண்டை ஓராண்டில் ஒரு கிலோவிற்கு மேல் வளருமாதலால் விற்பனைக்குக் குறைவிராது.

எங்கே விடலாகாது?

புல் கெண்டை, வாயில்களை அடைக்கக்கூடிய குளத்திற்கும் குட்டைக்கும் உரிய மீன். கலங்கல் வழியே கோடி போகும் ஏரிக்கு உரியதன்று. நம் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல; மேல் ஏரியின் உபரி நீர் கீழ் ஏரிக்கும், அங்கிருந்து ஓடைக்கும், செய்யாற்றுக்கும், பாலாற்றுக்கும் போய்ச் சேர்வது. ஒரு பெருமழையில் கோடி வழியே வெளியேறிய மீனை மீண்டும் அழைக்க எவராலும் இயலாது. வயலுக்குள் புகுந்த மீன் இளநாற்றையும் தின்னக்கூடும்.

இது வெறும் அச்சமன்று. நம் நாட்டு வேலம்பாசி அலங்கார மீன்தொட்டி வியாபாரத்தின் மூலம் அமெரிக்காவிற் புகுந்து, அங்கே பெருங்களையாயிற்று. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஏறத்தாழ 8,100 ஹெக்டேர் பரப்புள்ள கான்ரோ ஏரியில் 1981, 1982-ம் வருஷங்களில் ஏறத்தாழ 2,70,000 புல் கெண்டைகளை விட்டனர். 1983-ம் வருஷத்திற்குள் நீருக்குள் வளரும் செடி அனைத்தும் அற்றுப்போயின. நீர் தெளிவிழந்து நுண்பாசி பெருகிற்று. வேண்டாத களையோடு, மீன்குஞ்சுகள் ஒதுங்கும் செடிகளும் போயின. மேலும், அந்நாட்டிற்கு 1963-ம் வருஷத்தில் வந்த இம்மீன், பண்ணைகளிலிருந்து தப்பி மிசிசிப்பி நதியில் தானே இனம் பெருகிவிட்டது. குளத்தில் முட்டையிடாது என்பதால் நதியிலும் முட்டையிடாது என்று எண்ணலாகாது.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 1971-ம் வருஷத்தில் ஹிமாசலப் பிரதேசத்தின் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில் வெள்ளிக் கெண்டை தற்செயலாகப் புகுந்து பெருகிற்று. கட்லா அங்கே அருகிவிட்டது. 1952-ம் வருஷத்தில் நம் நாட்டிற்கு வந்த திலேப்பியா என்னும் ஜிலேபிக் கெண்டையை நம்மவர் எல்லோரும் அறிவர். அதுவும் பாசி தின்னும் மீனே. ஆயினும் சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கி, குளம் முழுவதும் விரலளவு மீனாகவே நிரம்பி, மற்ற மீனின் உணவையும் கவர்ந்துவிடுகின்றது. பாசி தின்னும் மீன் என்று எவரேனும் விற்க வந்தால், அது எந்த மீன் என்று அறிந்த பின்னரே வாங்குக.

சேர்த்தலை காட்டும் வழி

கையால் அகற்றுவதும் மீனால் காப்பதும் சேர்ந்து நடந்த நல்ல உதாரணம் ஒன்று அண்டை மாகாணமாகிய கேரளத்தில் உண்டு. ஆலப்புழை ஜில்லா சேர்த்தலைப் பகுதியில் வீட்டுக்கு வீடு குளம் இருந்தது. குளங்களில் ஆகாயத் தாமரை மண்டியிருந்தது. அதனோடு மான்சோனியாக் கொசுவும் யானைக்கால் நோயும் இருந்தன. 1986-ம் வருஷத்தில் புதுச்சேரியிலுள்ள நோய்பரப்பும் உயிரிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் அங்கே வேலை தொடங்கினர். களையை ஒருமுறை அகற்றச் சொல்வது எளிது. ஆனால் மாதந்தோறும் அகற்றச் சொன்னால் எவர் செய்வார்? ஆகவே அம்மையத்தார் களை நீக்கிய குளங்களில் களை தின்னும் மீன்களையும் மற்றக் கெண்டைகளையும் வளர்க்கும்படி ஜனங்களை ஊக்கப்படுத்தினர். மீனால் வருமானம் வரும் குளத்தை உரியவர் தாமே துப்புரவாக வைத்துக்கொள்வர் என்பதே இம்முறையின் அடிப்படை. நோய்க்கு அஞ்சிச் செய்யாத வேலையும் லாபத்தை எண்ணிச் செய்யப்படும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

சொந்தக் குட்டையில் மீன் விடுவது உரியவர் விருப்பம். பொதுக் குளமாயின் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சில விஷயங்களை முன்னதாகவே தீர்மானித்தல் வேண்டும். அக்குளம் எவருடைய பொறுப்பிலுள்ளது என்பது முதலாவது. நமது மாகாணத்தில் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பது பொது விதி. மீன்பிடி உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரின் சம்மதமின்றி வேறு மீனை விடுதல் வழக்கிற்கு இடமாகும். களை வாருவதற்கான கூலி எவருடையது, வளர்ந்த மீனின் பயன் எவருடையது என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டால் பின்னர்ச் சண்டை இராது. ஆயக்கட்டுதாரர் நீர் இறைப்பதற்கும், குத்தகைதாரர் மீனுக்காக நீரை நிறுத்துவதற்கும் இடையில் பிணக்கு நேரும் கிராமங்கள் உண்டு. கோடையில் எந்த மட்டம் வரையில் நீர் இறைக்கலாம் என்று முன்கூட்டியே குறித்துவைப்பது நலம்.

குளத்தில் ஒரு மூலையையாவது களையோடு விட்டுவைக்குமாறும் கேட்டுக்கொள்ளுகிறோம். நாட்டு மீன்கள் முட்டையிடுவதும், குஞ்சுகள் ஒதுங்குவதும், கரை அலையால் அரிக்கப்படாமல் நிற்பதும் அச்செடிகளாலேயே. மூங்கில் படலால் அம்மூலையை அடைத்துவிட்டால் புல் கெண்டை உட்புகாது. களையை அடக்குவதே நமது நோக்கம், குளத்தை வெறுமையாக்குவதன்று.

நமது திருவண்ணாமலை ஜில்லாவிலேயே சாத்தனூர் அணையில் அரசாங்க மீன்பண்ணை உள்ளது. கெண்டைக் குஞ்சுகள் பெரும்பாலும் மழைக்காலத் தொடக்கத்திலேயே உற்பத்தியாவதால், புல் கெண்டைக் குஞ்சு கிடைக்கும் காலத்தையும் விலையையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்னதாக விசாரித்தறிவது நலம். கோடையில் களை வாரி, ஆடி ஆவணியில் குஞ்சு வாங்கிச் சிறு குட்டையில் வளர்த்து, வடகிழக்குப் பருவ மழையில் குளம் நிரம்பித் தை மாதத்தில் நீர் நிலைபெற்றபின், பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவற்றை எடை பார்த்துக் கணக்கிட்டு விடுவது இப்பகுதிக்கு ஏற்ற முறை. ஆறு மாதமேனும் நீர் நில்லாத குட்டைக்கு இச்செலவு வேண்டாம். அங்கே வெயிலும் மண்வெட்டியும் போதும்.

நெசவாளர் பாவு ஓட்டுமுன் இழைகளை எண்ணுகின்றனர்; எண்ணாமல் ஓட்டிய பாவு சேலையாகாது. குளத்திலும் அவ்வாறே களையை எடைபோட்டு, மீனை எண்ணி, வாயில்களை அடைத்து, பிறகே மீனை விடுக. அப்படிச் செய்வோருக்குப் புல் கெண்டை கூலி கேளாத ஆளாக உழைத்து, முடிவில் தானும் விலையாகும்.